தோழனின் கட்டுரையைக் கையில் வாங்கும்போது

ஒரு வகுப்பு மாணவர்கள் எழுதிய வாதக் கட்டுரைகளைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டு, வாசித்து, கருத்து எழுதித் திருப்பிக் கொடுக்கும்படி சொன்னால், முதல் முறை திரும்பி வரும் தாள்களில் இரண்டு விதமான குறிப்புகளே மிகுதியாக இருக்கும். ஒன்று, கடைசி வரிக்குக் கீழே எழுதப்பட்ட ‘அருமை’, ‘மிகவும் நன்றாக இருக்கிறது’, ‘கையெழுத்து அழகு’ போன்றவை. மற்றொன்று, விடுபட்ட ஒற்றெழுத்துகளையும் இடம் மாறிய லகர ளகரங்களையும் சுற்றிப் போடப்பட்ட சிவப்பு மை வட்டங்கள். பாராட்டியவர் அன்பானவர், வட்டமிட்டவர் கண்டிப்பானவர் என்று மேலோட்டமாகத் தோன்றும். ஆனால் இருவரும் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறார்கள். இந்தக் கட்டுரை எதை நிறுவ முயன்றது, அதை நிறுவியதா என்ற கேள்வியின் பக்கமே போகாமல் திரும்பியிருக்கிறார்கள்.

சக மாணவரின் வாதத்தை வாசித்துக் கருத்துச் சொல்வது, பழகிப் பழகிக் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு வேலை. உடன்பாடு, மறுப்பு, பிழைதிருத்தம் ஆகிய எல்லாவற்றுக்கும் முன்னால், ‘உன் வாதம் என்னை இந்த இடம் வரை அழைத்து வந்தது, இந்த இடத்தில் விட்டுவிட்டது’ என்று இடத்தைத் தொட்டுக்காட்டிச் சொல்வது அந்த வேலையின் நடுநாயகமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதை ஏன் அவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுத விரும்புகிறேன்.

நான் திருவாரூர் மாவட்டத்தில் உள்ள ஒரு கல்லூரியில் இளநிலை முதலாண்டு மாணவர்களுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். என் வகுப்பில் நீடாமங்கலம், கூத்தாநல்லூர் பக்கத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கத்திலிருந்து பேருந்து மாறி வருபவர்களும், கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருப்பவர்களும் இருக்கிறார்கள். வாதத்துக்குரிய பொருளை அவர்களே தேர்ந்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டால், வயலையும் தண்ணீரையும் பற்றிய கட்டுரைகளே அதிகம் வருகின்றன. மேட்டூர் அணையை எப்போது திறப்பது, குறுவை என்னும் குறுகிய கால நெற்பயிருக்கு நடவா விதைப்பா, கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பத வரம்பு எவ்வளவு இருக்கலாம், சில வகைத் தொழிற்சாலைகளுக்குத் தடை விதித்து 2020ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்துக்குப் பிறகு படித்த பிள்ளைகளுக்கு இந்த மாவட்டங்களில் என்ன வேலை இருக்கிறது என்பவையெல்லாம் அவர்கள் வீட்டில் சோற்றுத் தட்டுக்கு முன்னால் பேசப்படுகிற விஷயங்கள். ஆகவே ஒவ்வொருவருக்கும் இவற்றில் ஒரு கட்சி இருக்கிறது. கட்சி இருப்பது எழுதுவதற்கு நல்லது. அதே கட்சி, அடுத்தவரின் கட்டுரையை வாசிக்கும்போதுதான் இடைஞ்சலாகிறது. ‘இவன் நம் பக்கமா, எதிர்ப்பக்கமா’ என்று பார்த்துவிட்டால் வாசிப்பு அதோடு முடிந்துவிடுகிறது.

இதற்கு மாணவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. பள்ளியில் அவர்கள் எழுதிப் பழகிய கட்டுரை, குறிப்புச் சட்டகத்தில் தொடங்கி, முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று போகும். மழைநீர் சேமிப்பு நல்லது என்பதை மறுப்பவர் எவரும் இல்லாத ஓர் உலகத்தில் எழுதப்படும் கட்டுரை அது. அதில் எதிர்க்கருத்து தலைகாட்ட வழியே இல்லை. வாதம் என்ற ஒன்றை அவர்கள் கேட்டுப் பழகியதோ பட்டிமன்றத்தில். கோயில் திருவிழா மேடையிலும் பொங்கல் நாளில் தொலைக்காட்சியிலும் கேட்ட பட்டிமன்றங்களின் ஓசை, ‘நடுவர் அவர்களே’ என்ற விளி நீங்கலாக, அவர்கள் கட்டுரைகளில் அப்படியே இறங்கியிருக்கும். பட்டிமன்றத்தை நான் குறைத்து மதிப்பவள் அல்லள். எதிரணியின் சொல்லைப் பிடித்து அதையே திருப்பும் கூர்மையை அங்கேதான் நம் பிள்ளைகள் முதலில் பார்க்கிறார்கள். ஆனால் மேடையில் பேசியதைக் கேட்பவர், முன்பு சொன்னதைத் திரும்பிப் போய்ச் சரிபார்க்க முடியாது. தாளில் எழுதியதை வாசிப்பவர் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பிப் போகலாம், முதல் பத்தியையும் ஐந்தாம் பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அப்படித் திரும்பிப் போகிற ஒரு வாசகர் தனக்கு உண்டு என்பதை எழுதுபவர் உணர்வதற்கு, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் தோழரைவிட நல்ல ஆள் கிடைக்கமாட்டார்.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதியில் இதற்கு ஒரு கணக்கே இருக்கிறது. ஆசிரியர் சொன்னதை மாணவன் எவ்வளவு செம்மையாக உள்வாங்கினாலும் புலமையில் கால் பங்குதான் கைவரும். உடன் பயில்பவர்களோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு வரும். பிறருக்குத் தெளிவாக எடுத்துரைப்பதால்தான் மீதி அரைப் பங்கும் நிறையும். தோழரின் கட்டுரைக்குக் கருத்து எழுதும்போது இந்தப் பின்னிரண்டும் ஒருசேர நடக்கின்றன. அந்த முக்கால் பங்கையும் நம் வகுப்பறைகள் ஒதுக்கி வைத்துவிட்டு, ஆசிரியரின் கால் பங்கையே முழுப் படிப்பு என்று நடத்திக்கொண்டிருக்கின்றன என்பது எனக்கு நீண்ட நாளாக உள்ள வருத்தம்.

கருத்து எழுதுவதில் முதல் படி, வாதத்தைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்வது. எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுக் கட்டுரையை ஒரு முறை முழுமையாக வாசிக்க வேண்டும். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ‘நீ சொல்ல வருவது இது, அதற்கு நீ தரும் காரணங்கள் இவை’ என்று மூன்று நான்கு வரிகளில் எழுத வேண்டும். இது எளிய வேலை என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் பாதிச் சிக்கல் இங்கேயே வெளிப்பட்டுவிடுகிறது. மேட்டூர் அணை திறப்பைப் பற்றி ஒரு மாணவி எழுதிய கட்டுரையை, பட்டுக்கோட்டைப் பக்கத்து மாணவன் ஒருவன் வாசித்துவிட்டு, ‘ஜூன் 12ஆம் தேதி அணையைத் திறந்துவிட்டால் குறுவைக்குக் கவலையில்லை என்கிறாய்’ என்று எழுதினான். அவள் உடனே, ‘நான் எங்கே அப்படிச் சொன்னேன்? தேதி தள்ளிப்போனால் குறுவை கெட்டுவிடும் என்றுதானே எழுதியிருக்கிறேன்’ என்றாள். தாளைப் பிரித்துப் பார்த்தபோது இரண்டுமே இருந்தன. முதல் பத்தியில் அவன் சொன்னது இருந்தது. மூன்றாம் பத்தியில் அவள் சொன்னது இருந்தது. உரிய காலத்தில் திறப்பது குறுவைக்குத் தேவை என்பது ஒரு வாதம், அது மட்டுமே போதும் என்பது வேறு வாதம் என்பதை அவள் எழுதும்போது கவனிக்கவில்லை.

அந்த மாணவன் அதோடு விடவில்லை. 2023ஆம் ஆண்டு ஜூன் 12 அன்றே அணை திறக்கப்பட்டதையும், அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை குறைந்து, கர்நாடகத்திலிருந்து வர வேண்டிய நீரும் வராமல் குறுவைப் பயிர் கருகியதையும், அக்டோபரில் அணையை மூட நேர்ந்ததையும் ஓரத்தில் எழுதினான். அதற்குக் கீழே அவன் சேர்த்த வரியைத்தான் நான் வகுப்பில் எடுத்துக்காட்டினேன்: ‘இந்த ஆண்டு உன் முதல் பத்தியை உடைக்கிறது; மூன்றாம் பத்தியை ஒன்றும் செய்யவில்லை.’ எதிர்ச்சான்று ஒன்று கையில் கிடைத்தவுடன் கட்டுரை முழுவதையும் வீழ்த்திவிட்டதாக நினைப்பது வாசிப்பவர்களின் பொதுவான ஆசை. அது எதை உடைக்கிறது, எதை உடைக்கவில்லை என்று அளந்து சொல்பவரே எழுதியவருக்கு உதவுகிறார்.

இன்னொரு கட்டுரையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். சக மாணவர் தரும் கருத்துரை எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை நான் அதில் கண்டேன். நீடாமங்கலம் பக்கத்து மாணவன் ஒருவன், காவிரி டெல்டா முழுவதும் குறுவையில் நடவை விட்டுவிட்டு நேரடி நெல் விதைப்புக்கு மாற வேண்டும் என்று எழுதியிருந்தான். அதற்கு மூன்று காரணங்கள் தந்திருந்தான். நாற்றங்கால் விடுவதற்கும் சேறடித்து நடுவதற்கும் ஆகும் தண்ணீர் மிச்சமாகும். நடவுக்கு ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில் ஆள் தேவை குறையும். நாற்றைப் பறித்து நடும்போது பயிர் வாடித் தேறுகிற நாட்கள் இல்லாததால் அறுவடை ஒரு வாரம் பத்து நாள் முன்னதாக வந்து, ஐப்பசி அடைமழைக்கு முன்பே நெல்லைக் கரையேற்றிவிடலாம். சான்றாகத் தன் சித்தப்பாவின் ஆறு மா (ஏறத்தாழ இரண்டு ஏக்கர்) வயலைக் காட்டியிருந்தான். எழுத்து தடையில்லாமல் ஓடியது. இந்தப் பகுதியை அறியாத ஒருவர் வாசித்தால் தலையாட்டிவிட்டு நல்ல மதிப்பெண்ணும் போட்டுவிடுவார்.

அந்தத் தாள் போய்ச் சேர்ந்தது, தாயார் நடவுக்கும் களைக்கும் போய்ச் சம்பாதித்துப் படிக்க வைக்கும் ஒரு மாணவியிடம். அவள் ஊர் திருத்துறைப்பூண்டிக்கு அப்பால், வாய்க்கால் நீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் இருக்கிறது. வாசித்து முடித்ததும் எழுந்து என்னிடம் வந்தாள். ‘அம்மா, இதுக்கு நான் கருத்து எழுதணுமா? எனக்கு இது பிடிக்கவே இல்லம்மா’ என்றாள். பிடிக்கவில்லை என்பதையும் எழுது, ஆனால் கடைசியில் எழுது, முதலில் அவன் என்ன சொல்கிறான் என்பதை அவனே ஒப்புக்கொள்ளும்படி எழுது என்று சொல்லி அனுப்பினேன். 

அவள் எழுதித் தந்த தாளை அவர்கள் இருவரின் அனுமதியோடு நான் வைத்திருக்கிறேன். அவனுடைய மூன்று காரணங்களையும் குறைக்காமல் கூட்டாமல் சொல்லிவிட்டு, அவள் இப்படி எழுதியிருந்தாள்: ‘நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்கிறாய். தண்ணீர் வந்ததும் எல்லா ஊரிலும் ஒரே சமயத்தில் நடவு விழுகிறது. அந்தப் பத்துப் பதினைந்து நாளில்தான் ஆள் கிடைப்பதில்லை. அது முடிந்தால் எங்கள் தெருவில் வேலையில்லாமல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆள் இல்லை என்பதும் அந்த நாட்களில் ஆள் இல்லை என்பதும் ஒன்றா?’ அடுத்து, ‘விதைப்பு வயலில் நெல்லோடு சேர்ந்தே களையும் முளைக்கும். கையால் எடுத்தால் ஆள் கூலி, மருந்து அடித்தால் மருந்துச் செலவு. இரண்டில் ஒன்றையும் நீ கணக்கில் சேர்க்கவில்லை.’ அதற்கும் அடுத்து, ‘எங்கள் பக்கம் சம்பாவுக்குப் புழுதியில் விதைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் விதைப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் முளை வரும் நேரத்தில் மழை பெய்து பள்ளத்து வயலில் தண்ணீர் நின்றுவிட்டால் முளை அழுகிவிடும். உன் சித்தப்பா வயல் மேடா பள்ளமா, வடிகால் எப்படி என்று நீ எழுதவில்லை. டெல்டா முழுவதும் என்று எப்படிச் சொன்னாய்?’ கடைசியாக, ‘உன் முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அறுவடை முன்னதாக வரும் என்ற காரணத்தை என்னால் மறுக்க முடியவில்லை. அதுதான் வலுவாக இருக்கிறது. அதை முதலில் வை.’

இந்தக் கருத்துரையில் ‘தவறு’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. கடைசி வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் மடையிலிருந்து வாய்க்கால் ஓரமாகவே நடந்து எங்கே உடைப்பு என்று பார்ப்பார்களே, அப்படி அவள் ஒவ்வொரு காரணமாகத் தொட்டுக்கொண்டு போய், முடிவுக்கு வலு வந்து சேராமல் வெளியேறுகிற இடங்களைக் காட்டியிருக்கிறாள். இரண்டாம் காரணத்தில் ஆள் தேவை குறையும் என்று சொல்லிவிட்டுக் களையை மறந்ததால், அந்தக் காரணம் தன்னைத்தானே பாதி தின்றுவிடுகிறது. ஒரே ஒரு வயலைச் சான்றாக வைத்துக்கொண்டு டெல்டா முழுவதற்கும் தீர்ப்புச் சொன்னதால், சான்றின் அகலமும் முடிவின் அகலமும் பொருந்தவில்லை. இவற்றில் சிலவற்றை நானும் காட்டியிருக்க முடியும். நடவுக் காலத்து ஆள் பற்றாக்குறை எத்தனை நாள் நீடிக்கிறது, அதற்குப் பிறகு அந்தத் தெருவில் என்ன நடக்கிறது என்பதை என்னால் காட்டியிருக்க முடியாது. வாசிப்பவரின் வாழ்க்கை அறிவு கட்டுரைக்குள் நுழைவதற்குச் சக மாணவரின் கருத்துரையைத் தவிர வேறு வாசல் இல்லை.

அந்த இறுதி வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தனக்கு உடன்பாடில்லாத கட்டுரையின் மிக வலுவான காரணத்தைக் கண்டுபிடித்து, அதை முன்னால் கொண்டுவரச் சொல்வது பெரிய மனம் உள்ளவர்கள் செய்யும் காரியம். நன்னூல், நூல் எழுதுபவர் கொள்ளத்தக்க நிலைப்பாடுகளாக எழுவகை மதத்தை வரிசைப்படுத்துகிறது. உடன்படுவதும் மறுப்பதும் அதில் முதலிரண்டு. மூன்றாவதாக வருவது, பிறர் கொள்கையை முதலில் தானும் ஏற்றுக்கொண்டு, அதன் பிறகே களைவது. மறுப்பதைத் தனியாகவும், ஏற்று நின்று களைவதைத் தனியாகவும் பிரித்து வைத்த அந்த நுட்பத்தை என் மாணவர்கள் ஒவ்வொருவரும் கைக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். ஏற்று நின்று பார்க்காமல் மறுத்தவருக்கு, அந்தக் கொள்கை எங்கே வலுவாக இருக்கிறது என்பதே தெரியாது.

இதே குறை கட்டுரை எழுதுபவர்களிடமும் இருக்கும், அதையும் வாசிப்பவர்தான் காட்ட வேண்டும். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பத வரம்பை 17 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாக உயர்த்த வேண்டும் என்று வாதிடும் கட்டுரை என் வகுப்பில் அடிக்கடி வரும். அறுவடை நேரத்தில் மழை பெய்து, நெல் சாலையோரத்தில் கொட்டிக் கிடந்து, தார்ப்பாயைத் தூக்கித் தூக்கிக் காயவைத்த குடும்பங்களிலிருந்து வருகிற பிள்ளைகள் அதை மிகுந்த வேதனையோடு எழுதுவார்கள். அந்த வேதனை உண்மையானது, வாதத்தில் அதற்கு இடம் உண்டு. ஆனால் 17 என்ற வரம்பு எதற்காக வந்தது என்பதை அவர்கள் சொல்வதே இல்லை; எதிர்த்தரப்பு வெறும் ஈரமற்ற நெஞ்சமாக நிறுத்தப்பட்டிருக்கும். ஈரம் மிகுந்த நெல்லைக் கிடங்கில் அடுக்கினால் பூஞ்சை பிடிக்கும், நிறம் மங்கும், காயும்போது எடை குறையும், அரைக்கும்போது குருணை மிகும். இவற்றைக் கட்டுரையே எடுத்துச் சொல்லிவிட்டு, உலர்த்தும் இயந்திரங்களையும் உலர்களங்களையும் பற்றிப் பேசியிருந்தால், அல்லது சில பருவங்களில் மத்திய அரசே வரம்பைத் தளர்த்தியிருப்பதைச் சான்றாகக் காட்டியிருந்தால், அதே வேதனைக்கு எதிரில் நிற்பவர் தப்பிக்க வழியில்லாமல் போயிருக்கும். ‘கொள்முதல் நிலைய அலுவலர் இதை வாசித்தால் முதலில் என்ன சொல்வார்?’ என்று ஓரத்தில் ஒரு கேள்வியை எழுதி வைப்பது வாசிப்பவருக்குப் பெரிய வேலை இல்லை. எழுதியவருக்கு அது புதிய ஒரு பத்தியையே தரும்.

சான்றுகளைச் சரிபார்ப்பது சற்று வறட்சியான பகுதி. ஆயினும் நம் பக்கத்துக் கட்டுரைகளில் ஓர் இடத்தை மட்டும் கட்டாயம் பார்க்கச் சொல்கிறேன்: தண்ணீரின் அளவுகள். மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இவ்விரண்டும் கலந்து ‘120 டி.எம்.சி. தண்ணீர்’ ஆகிவிடும். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, தேங்கியிருக்கும் நீரின் அளவு. வினாடிக்கு இத்தனை கன அடி என்பது நீர் ஓடும் வீதம். வினாடிக்கு ஏறத்தாழ 11,574 கன அடி வீதம் ஒரு பகலும் ஓர் இரவும் ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகும் என்ற கணக்கைப் போட்டுப் பார்த்த மாணவர், செய்தித்தாளில் வரும் அணைச் செய்தியை அதன் பிறகு வேறு கண்ணோடு வாசிக்கிறார். ஒற்றுப்பிழைகளைப் பொறுத்தவரை, முதல் வடிவத்தில் அவற்றைத் தொடவே கூடாது என்று சொல்லியிருக்கிறேன். நாளை நீக்கப்படப் போகும் ஒரு பத்தியில் ஒற்றைத் திருத்துவதால் யாருக்கும் பயனில்லை.

மேற்கோள்களும் இந்தக் கணக்கில்தான் வரும். ‘உழுதுண்டு வாழ்வாரே வாழ்வார்’ என்ற குறள் இல்லாத வேளாண் கட்டுரையை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். குறளை எழுத வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது கட்டுரையில் எந்தக் காரணத்தைத் தாங்குகிறது என்று வாசிப்பவர் கேட்க வேண்டும். உழவின் பெருமையைப் பற்றி யாருக்கும் ஐயமில்லாத இடத்தில், ஐயமுள்ள ஒரு முடிவுக்கு அந்தக் குறளைக் காவல் நிறுத்துவது வள்ளுவருக்கும் நியாயம் செய்வதாகாது.

மறுப்பு எழுதும் மரபு இந்த மண்ணுக்குப் புதிதன்று. திருவாரூர் வைத்தியநாத தேசிகர் இயற்றிய இலக்கண விளக்கத்தை மறுத்து, திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் எழுதிய நூலின் பெயர் இலக்கண விளக்கச் சூறாவளி. பெயரிலேயே அதன் வேகம் இருக்கிறது. தருக்கத்தின் கூர்மையைக் கற்க விரும்புபவர்கள் சிவஞான முனிவரிடம் போகத்தான் வேண்டும். ஆனால் அது எழுதி முடித்து, உலகத்தின் முன் வைக்கப்பட்ட ஒரு நூலுக்கு எழுதப்பட்ட மறுப்பு. வகுப்பில் நம் கையில் வருவது முடியாத கட்டுரை; அதை எழுதியவர் நாளை அதை மாற்றி எழுதப் போகிறார். அங்கே சூறாவளிக்கு வேலையில்லை. நம்மில் சில கெட்டிக்கார மாணவர்கள் தங்கள் கூர்மையைக் காட்டும் களமாகத் தோழரின் தாளைப் பயன்படுத்திவிடுகிறார்கள். அவர்கள் எழுதும் கருத்துரை சிறு கட்டுரை போலவே நீண்டு, கடைசியில் எழுதியவருக்கு எங்கே கை வைப்பது என்று தெரியாமல் செய்துவிடுகிறது. வாதத்தின் உயிர்நிலையைத் தொடும் இரண்டு மூன்று இடங்களைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளத் தெரிவதும் இந்தப் பயிற்சியில் ஒரு பகுதி.

கடினமான ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியாது. நிலம் உள்ள வீட்டுப் பிள்ளையும் அந்த நிலத்தில் கூலிக்குப் போகிற வீட்டுப் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். சில சமயம் ஒரே ஊர்க்காரர்களாகவும் இருக்கிறார்கள். ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதிக் கொடுப்பதற்குப் பின்னால் வெறும் சோம்பல் மட்டும் இல்லை. மாலையில் ஒரே பேருந்தில் திரும்ப வேண்டுமே என்ற தயக்கமும், நாம் போய் அவர்களுக்குச் சொல்வதா என்ற பழைய கூச்சமும் இருக்கின்றன. பெயரை மறைத்துத் தாள்களை மாற்றினால் இது தீரும் என்று சக ஆசிரியர்கள் சொல்வதுண்டு. நான் அதை ஏற்கவில்லை. கையெழுத்தே ஆளைக் காட்டிவிடும் என்பது ஒருபுறம் இருக்க, கேள்வி கேட்டவர் எதிரில் இருந்தால்தான் எழுதியவர் திருப்பிக் கேட்க முடியும். அந்தக் கூச்சம் தணிவதற்கு எனக்குத் தெரிந்த வழி, கருத்துரை எழுதும் முறையையே எல்லோருக்கும் பொதுவாக வைப்பதுதான். யார் தாளாக இருந்தாலும் முதலில் திருப்பிச் சொல்ல வேண்டும், பிறகு இடத்தைக் காட்ட வேண்டும், பிறகு கேள்வி கேட்க வேண்டும் என்று இருக்கும்போது, கேள்வி கேட்பது துணிச்சலாகவோ அடங்காமையாகவோ தெரியாமல், அன்றைய வேலையாகத் தெரிகிறது. கட்டுரைக்கு மதிப்பெண் உள்ளதுபோல் கருத்துரைக்கும் தனியே மதிப்பெண் வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

கருத்தைப் பெறுபவருக்கும் ஒரு கடமை இருக்கிறது. வாசித்தவர் பேசி முடிக்கும் வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. ‘நான் அதைத்தான் சொல்ல வந்தேன்’ என்ற வாக்கியம் நாக்கு நுனி வரை வரும். சொல்ல வந்தது தாளில் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. அதற்காக, சொன்ன எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதும் இல்லை. நேரடி விதைப்பைப் பற்றி எழுதிய மாணவன், தோழியின் தாளை வாங்கிக்கொண்டு போய், ‘டெல்டா முழுவதும்’ என்பதை ‘ஆழ்குழாய்க் கிணறும் நல்ல வடிகாலும் உள்ள மேட்டு வயல்களில்’ என்று சுருக்கினான். அறுவடைக் காரணத்தை முன்னால் கொண்டுவந்தான். ஆள் பற்றாக்குறைக் காரணத்தை அவன் விடவில்லை. பத்து நாள் தாமதித்தாலும் பின்பருவம் தள்ளிப்போகும், ஆகவே அந்தக் குறுகிய நாட்களின் பற்றாக்குறையே போதுமான காரணம் என்று அதை முன்னைவிட வலுவாக எழுதினான். அவள் கேட்காத ஒன்றையும் சேர்த்திருந்தான். நடவு குறைந்தால் பெண்களின் கூலி நாட்கள் குறையும் என்றும், அதற்குத் தன்னிடம் விடை இல்லை என்றும் கட்டுரைக்குள்ளேயே ஒப்புக்கொண்டிருந்தான். முதலாண்டு மாணவர் ஒருவர் எழுதிய கட்டுரையில் நான் வாசித்த மிக நேர்மையான வரி அதுதான்.

இரண்டாம் வடிவத்தை நான் வாசிப்பதற்கு முன்னால் முதலில் கருத்துச் சொன்னவர் வாசிக்க வேண்டும் என்பது என் வகுப்பின் நடைமுறை. தான் காட்டிய இடத்தில் என்ன நடந்தது என்று பார்க்கும் உரிமை அவருக்கு உண்டு. அதைப் பார்க்காவிட்டால் அடுத்த கட்டுரைக்கு அவர் மனம் வைத்து எழுதமாட்டார். அந்த மாணவியும் இரண்டாம் வடிவத்தை வாசித்தாள். அவள் அம்மா இதைக் கேட்டால் என்ன சொல்வார் என்று நான் கேட்டதற்கு, ‘அம்மா இப்பவும் ஒத்துக்கமாட்டாங்க, ஆனா கோவப்படமாட்டாங்க’ என்றாள். தாளில் அவள் புதிதாக எழுதியிருந்தது ஒரே ஒரு கேள்வி: களைச் செலவு ஒரு மாவுக்கு எவ்வளவு என்பது இன்னும் வரவில்லையே? சித்தப்பாவிடம் கேட்டதாகவும் அவர் சொன்ன கணக்கு தனக்கே திருப்தியாக இல்லை என்றும் அவன் சொன்னான். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய் விசாரித்து வருவதாகச் சொல்லியிருக்கிறான்; வரும்போது அவளுடைய ஊரிலும் புழுதி விதைப்புச் செய்த இரண்டு பேரிடம் கேட்டுக்கொண்டு வரும்படி அவர்களின் பெயர்களை அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அந்தக் கணக்கு வந்த பிறகுதான் கட்டுரைக்கு மதிப்பெண் போடுவதாக இருக்கிறேன்.